புனர்வாழ்வு என்றால் முகாமா? போரிலிருந்து மலைக்குத் திரும்பியவர்களும் குடியும்

மாரியம்மன் திருவிழாவுக்கு வெடி போடும்போது எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு மாமா மட்டும் வெளியே வரமாட்டார். காம்பராக் கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளேயே கிடப்பார். தேர் வாசலுக்கு வருவதற்குள் போதை தலைக்கு ஏறியிருக்கும். "சாமி வர்ற நேரத்துலயும் தண்ணி போட்டுட்டுக் கெடக்குறான் பாரு" என்று பெரியவர்கள் ஏசுவார்கள். பள்ளிக்கூடம் போன காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் வன்னியில் வளர்ந்தவர். போர் முடிந்து தடுப்புக் காவலிலிருந்து விட்ட பிறகு ஒரே ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய குடி அந்த வெடிச் சத்தத்தோடு முடிச்சுப் போட்டது என்று எனக்குப் புரிய பல வருடங்கள் ஆகின.

மலையகத்தில் போர் நடக்கவில்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஷெல் விழவில்லை, பங்கர் வெட்டவில்லை, உண்மைதான். போருக்குப் போய்த் திரும்பியவர்களோ இங்கே நம் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்கள். அவர்கள் வந்த பாதைகள் வேறு வேறு. 1977 வன்செயலிலும் 1983 கலவரத்திலும் அடிபட்டு, தோட்டத்தை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறின. இனி அடி விழாது என்று நம்பிப் போன இடத்தில்தான் பெரும்போர் காத்திருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் விரும்பி இயக்கத்துக்குப் போனார்கள், சிலர் கடைசிக் காலத்தில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். 2009 மே மாதம் எல்லாம் முடிந்தபின், முகாமும் தடுப்பும் கழிந்து, அவர்களில் ஒரு பகுதியினர் தாத்தாவும் பாட்டியும் கொழுந்தெடுத்த அதே மலைக்குத் திரும்பினார்கள்.

துப்பாக்கியைத் தொட்டே இராத இன்னொரு கூட்டமும் உண்டு. கொழும்பில் கடைகளில் வேலை பார்த்த நம் பையன்கள் எத்தனையோ பேர் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு, வழக்கு இல்லாமலே வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். அடிபட்ட உடம்பும் தூக்கம் கெட்ட இரவுகளும் அவர்களுக்கும் உண்டு.

இராணுவத்தில் இருந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். அது சிலருக்குக் கசக்கும். தோட்ட எல்லையைத் தாண்டினால் வலப்பனை, ஹங்குராங்கெத்த, வெலிமடைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்கள். மரக்கறித் தோட்டத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத அந்த வீடுகளுக்கு இராணுவச் சம்பளம் பெரிய ஆதரவாக இருந்தது. தியத்தலாவையிலேயே இராணுவத்தின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. போய்த் திரும்பியவர்களில் காலை இழந்தவரும் உண்டு, தூக்கத்தை இழந்தவரும் உண்டு. ஒரே பஸ்ஸில் நம்மோடு போகிறார்கள், ஒரே தவறணையில், அதுதான் சாராயக் கடையில், நம்மவர்களோடு உட்காருகிறார்கள். அவர்கள் காணும் கெட்ட கனவும் எங்கள் மாமா காணும் கெட்ட கனவும் நேர் எதிர்ப் பக்கங்களில் தொடங்கியவை. மூளைக்குப் பக்கம் தெரியாது.

மூளையில் நடப்பது இதுதான். உயிருக்கு ஆபத்து வரும்போது உடம்பு முழுவதும் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிறது. நெஞ்சு படபடக்கும், காது கூர்மையாகும், கை கால் ஓடத் தயாராகும். ஆபத்து போனதும் அந்த மணி நிற்க வேண்டும். நீண்ட காலம் சாவின் பக்கத்திலேயே இருந்தவர்கள் சிலருக்கு அது நிற்பதில்லை. லொறி டயர் வெடித்தாலும் ஷெல். கிட்டத்தில் யாராவது வேகமாக நடந்தாலும் துரத்தல். பார்த்த காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வரும், அதை நினைவுபடுத்தும் இடத்தையும் ஆளையும் மனம் தவிர்க்கும், பெண்டாட்டி பிள்ளைகள் மேல்கூடப் பாசம் மரத்துப்போனது போல இருக்கும். முதலாம் உலகப் போரில் இதை ஷெல் அதிர்ச்சி என்றார்கள். கோழைத்தனம் என்று சொல்லித் தண்டித்தவர்களும் இருந்தார்கள். வியட்நாம் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, 1980இல்தான், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. நம் நாட்டு வைத்தியர்கள் தமிழில் மனவடு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். காயம் ஆறினாலும் வடு நிற்கும் அல்லவா, அப்படி. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுவதும் இதைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், வடு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் பதிகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தார். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரு காம்பராவில் ஒருவர் நடுராத்திரியில் கத்தினால் பன்னிரண்டு காம்பராவும் எழும்பும்.

இந்த மணியை உடனே அடக்கும் மருந்து சாராயம். நம் ஊரில் அதைவிடக் கிட்டத்தில் கிடைக்கும் மருந்து வேறொன்றும் இல்லை. சம்பளம் போட்ட கிழமை தவறணை, கை வறண்டால் களவாகக் காய்ச்சும் கசிப்பு. குடித்ததும் நெஞ்சுப் படபடப்பு இறங்கும், கண் அசரும். அதனால்தான் நான் இதைக் கெட்ட பழக்கம் என்று மட்டும் சொல்ல மறுக்கிறேன். அந்த மனிதர் தன் நோய்க்குத் தானே வைத்தியம் பார்க்கிறார், தப்பான மருந்தைக் கொண்டு. அந்த மருந்து செய்யும் மோசடி இரவின் பின்பாதியில் தெரியும். போதை முதலில் கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். அது இறங்க இறங்க, அமுக்கிய கனவெல்லாம் சேர்த்துத் திரும்பும். விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழும்புகிறவர், மறுநாள் இரவு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் தூங்கலாம் என்று கணக்குப் போடுகிறார். நோயும் மருந்தும் ஒன்றையொன்று வளர்க்கத் தொடங்குவது அங்கேதான். இப்போது இளையவர்கள் கையில் ஐஸ் என்ற போதைப்பொருள் வந்துவிட்டது. அது தூக்கத்தையே விரட்டும். சந்தேகமும் பயமும் ஏற்கெனவே உள்ளவருக்கு அது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய்.

பல காலம் மருத்துவ உலகம் சொன்னது: முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு மனதைப் பார்க்கலாம். கேட்க நியாயமாக இருக்கும். குடியை விட்டால் கனவு வரும், கனவு வந்தால் குடி வரும். இந்த வட்டத்தில் நிற்பவருக்கு அந்தச் சொல் கதவை மூடுவதற்குச் சமம். இன்று இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே குழு பார்ப்பதுதான் சரி என்ற பக்கம் வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள். நடந்ததைப் பாதுகாப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி மனதுக்குப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. குடி ஆசையைக் குறைக்கும் மருந்தும் உண்டு.

நம் ஆட்கள் கையாளும் வைத்தியம் வேறு. முதலில் கோடாங்கி. உடுக்கடித்து, கயிறு கட்டி, ஏதாவது ஆவியைச் சொல்வார். இரண்டாவது, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை. மாலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். விரதம் இருக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட நாளும் குடிகாரர் என்று ஏசிய வாய்கள் அவரைச் சாமி என்று கூப்பிடும். விடியக் காலைக் குளிப்பு, மாலையில் பஜனை, கூடவே அதே விரதத்தில் பத்துப் பேர். போதையிலிருந்து மீள்பவர்களின் குழுக்கள் உலகம் முழுக்கச் செய்வதும் இதைத்தான்: மரியாதை, ஒழுங்கு, கூட்டாளிகள். மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த மூன்றும் ஒரே அடியாகப் போய்விடுவதுதான் வருத்தம்.

இதில் உயிர் ஆபத்து ஒன்றும் இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும். அது உயிரையும் எடுக்கும். இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வீட்டார் பேய் என்று கோடாங்கியிடம் ஓடுகிறார்கள். ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. சில நாட்கள் வார்டில் வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் விட்டமின் பி1 ஊசியும் கொடுத்து, பாதுகாப்பாக இறக்க முடியும். மாலை போடுவதென்றாலும் அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், புனர்வாழ்வுக்கு அனுப்புவாங்க" என்று ஒரு முறை மாமாவிடம் அக்கா சொன்னார். அவர் முகம் வெளிறிப்போனது. "திரும்பவுமா?" என்று மட்டும் கேட்டார்.

மலைநாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ என்ற இடத்தில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. இயக்கத்தில் இருந்து சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமாக நாற்பதுக்குச் சற்றே கூடுதலான தமிழ் இளைஞர்கள், அதில் சிறுவர்களும். 2000 ஒக்டோபர் 25 காலையில் ஒரு பெருங்கூட்டம் முகாமுக்குள் புகுந்து 25 பேருக்கு மேல் வெட்டியும் அடித்தும் கொன்றது. பொலிஸ் காவல் அங்கேயே நின்றிருந்தது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு தண்டனைக்குரியவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தச் செய்தி வந்த நாட்களில் தலவாக்கலைப் பக்கமும் பதற்றம் பரவியது, நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கே புனர்வாழ்வு என்பது பாதுகாப்பு இல்லாத காவல் என்று அன்று பதிந்தது.

2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் இராணுவம் நடத்திய புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். தச்சு, தையல், மேசன் வேலை பழக்கினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வந்த பிறகும் விசாரிக்க ஆள் வருவது பலருக்கு நிற்கவில்லை. தன்னைப் பிடித்து வைத்தவரிடமே தன் மனதின் காயத்தைத் திறந்து காட்ட யாரால் முடியும்? பேச்சுச் சிகிச்சைக்கு அடிப்படையே, சொன்னது இந்த அறையைத் தாண்டாது என்ற நம்பிக்கை.

அந்த முகாம்களில் ஒன்றான பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு, போராளிகள் குறைந்ததும் போதைக்கு அடிமையானவர்களின் இடமாக மாறியது. இடம் அதேதான், காவலும் அதே சீருடைக்காரர்களிடம்தான். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றமே ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்துபோக, கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துத் தப்பினார்கள். அதே வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகள், தீவிரவாதக் குழுவினர், போதைக்கு அடிமையானவர்கள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டது. மொத்தமும் அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்திய சட்டம் 2023 ஜனவரியில் போதைக்கு அடிமையானவர்களையும் வேறு சட்டத்தால் குறிக்கப்படுபவர்களையும் வைத்துக்கொண்டு நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் போராளி என்ற சொல் போய்விட்டது, மாமாவின் மனதில் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸ் போதைக்காரர்களை வீடு வீடாகத் தேடத் தொடங்கியபோது, தடுப்பில் இருந்துவந்த யாருக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்திருக்கும்?

என் வாதம் இதுதான்: காவலையும் சிகிச்சையையும் ஒரே கையில் கொடுக்கக்கூடாது. கட்டாயத்தில் போதையைச் சில மாதம் நிறுத்திவைக்கலாம், மனவடுவை ஆற்ற முடியாது. போரில் கட்டுப்பாட்டை இழந்ததுதான் அந்தக் காயத்தின் வேர். மறுபடியும் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு ஆற்றுகிறோம் என்றால் எப்படி ஆறும்?

இராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. 1999இல் சட்டம் போட்டு ரணவிரு சேவா அதிகார சபையை அமைத்தார்கள். ராகமையில் ரணவிரு செவன, அனுராதபுரத்தில் அபிமன்சல என்று காயப்பட்ட வீரர்களுக்கான இல்லங்கள் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் கைகால் இழந்தவர் கண்ணுக்குத் தெரிவார், மனம் இழந்தவர் தெரியமாட்டார். இன்னொரு கூட்டம் முழுவதுமாக வெளியே நிற்கிறது. போர்க்காலத்தில் பல்லாயிரம் பேர் படையை விட்டுத் தப்பி ஓடினார்கள். சரியாகத் தூங்க முடியாமல், இனித் தாங்காது என்று ஓடியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஓய்வூதியமும் இல்லை, இராணுவ ஆஸ்பத்திரியும் இல்லை. பிடித்துக் கொடுப்பார்கள் என்ற பயத்தில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பெயர் கொடுக்கவும் தயக்கம். யாருக்கு உதவி மிக அவசரமோ அவர் பட்டியலில் இல்லை. இந்த இடத்தில் ஓடிவந்த சிப்பாயும் முன்னாள் போராளியும் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

அமெரிக்கர்கள் வியட்நாமில் படித்த பாடம் இரண்டு நமக்கு உதவும். அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெரோயினுக்கு அடிமையானார்கள். இவர்கள் ஊர் திரும்பினால் நாடே நாறிப்போகும் என்று 1971இல் அரசு நடுங்கியது. லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் இருபதுக்கு ஒருவர் அளவுதான். தூள் கிடைத்த இடம், அதைக் கொடுத்த கூட்டாளி, அதைத் தேட வைத்த பயம், மூன்றும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நம் கதை இதற்கு எதிர். நம்மவர் திரும்பிவந்த இடத்தில்தான் தவறணை இருக்கிறது, கையில் வேலை இல்லாத பகல் இருக்கிறது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அப்படியானால் ஆளை முகாமில் வைத்துச் சுத்தம் செய்து அதே காம்பராவுக்கு அனுப்புவதில் என்ன பயன்? மாற வேண்டியதில் பாதி வெளியே இருக்கிறது.

இரண்டாவது பாடம், அரசு ஆஸ்பத்திரிகளை நம்பாத வியட்நாம் வீரர்களுக்காக 1979இல் அவர்கள் ஊருக்குள்ளேயே தொடங்கிய சிறு நிலையங்கள். கடைத்தெருவில் ஒரு சாதாரண வாசல், உள்ளே பேசுவதற்குப் பெரும்பாலும் அதே போருக்குப் போய்வந்த இன்னொருவர். பெரிய கட்டடத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசினார்கள்.

நம் மலையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த மனநலக் கொள்கை, கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரியையே நம்பியிருந்த நிலையை மாற்றி மாவட்டங்களுக்கு மனநல வைத்திய அதிகாரிகளையும் கிளினிக்குகளையும் கொண்டுவந்தது. கண்டி, பேராதனை, பதுளை, நுவரெலியா என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடம் இந்திய உதவியில் எழும்பி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும், போதைக்கு 1927 அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையுடையது.

கட்டடத்துக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பிரச்சினை. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விழாது. அன்றைய சம்பளம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கும் இல்லை. தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரு மணி நேரம், பஸ் காசு தனி. போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் போன ஒரு இடத்தில், மொழிபெயர்க்க வாசலில் நின்ற அட்டெண்டனைக் கூப்பிட்டார்கள். அவர் நம் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மாமா "தூக்கம் வரல்லை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். காய்ச்சலுக்கு மொழிபெயர்ப்பாளர் போதும். முள்ளிவாய்க்காலைச் சொல்வதற்குப் போதாது. தமிழில் பேசும் உளவளத்துணையாளர்களை மலையகத்திலிருந்தே படிக்கவைத்து இங்கேயே நியமிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வீட்டுப் பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் ஆள் விடிந்ததும் அழுது மன்னிப்புக் கேட்பார். அடியை நோயின் பெயரால் பொறுத்துக்கொள் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவள் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்குச் சிகிச்சை வேண்டும், அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டாம். மரக்கறித் தோட்டம் உள்ள வீடுகளில் இன்னொரு கவனம்: பூச்சிமருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 வரை போனது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின் பெரிதும் இறங்கியது. ஆபத்தான நேரம் சில நிமிடங்கள்தான், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். சாகப் போகிறேன் என்று அவர் சொன்னால் போதையில் உளறுகிறார் என்று விடாதீர்கள். பக்கத்தில் இருங்கள், 1926ஐக் கூப்பிடுங்கள்.

தோட்டத்தில் முதலில் தெரிந்துகொள்பவர் மிட்வைஃப் மிஸ். வீட்டுக்கு வந்து போகிறவர், எல்லோரும் கதவு திறக்கும் ஆள். குடியின் அளவை மதிப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. கால் மணி நேரம்கூட வேண்டாம். அதைத் தமிழில் கேட்கப் பழக்கி, தோட்ட ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்த பின்னேரம், மனநல வைத்தியர் வந்து உட்கார்ந்தால் பாதித் தூரம் கடந்துவிடும். 'பைத்தியக்காரக் கிளினிக்' என்று பெயர் வாங்காமல் பிரஷர், சீனி வருத்தக்காரரோடு ஒரே வரிசையில் நிற்க வையுங்கள். பெண் கொடுக்கல் வாங்கலுக்குப் பயப்படும் குடும்பமும் அப்போது வரும். சீருடை அந்தப் பக்கம் வேண்டாம்.

போன வருடத் திருவிழாவுக்கு முன் அக்கா கோயில் கமிட்டியிடம் போய், வெடியை லயத்தை விட்டுக் கீழே ஆற்றுப் பக்கம் போடுங்கள், போடும் நேரத்தை முதலே சொல்லுங்கள் என்று கேட்டார். பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். மாமா அன்றும் குடித்திருந்தார், கொஞ்சம். தேர் வந்தபோது கதவு திறந்திருந்தது. இப்போது மாதம் ஒரு முறை கிளினிக். தமிழ் தெரிந்த ஒரு டாக்டர் மாற்றலாகி வந்திருக்கிறார். கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கிறது, ஒரு புதன்கிழமை. அக்கா அன்று காலைக் கொழுந்தை எடுத்துப் போட்டுவிட்டு அரைப்பேரோடு கூடப் போவார்.